வண்டி கழுவிய ஞாயிறு

என் பிள்ளைக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். என் முழங்கால் வலி போன கடிதத்தில் சொன்ன இடத்திலேயே நிற்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. உன் தங்கை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போய்வருகிறாள், நான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். நீயும் அங்கே குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு, இருமல் இல்லாமல் இருப்பாய் என்ற நினைப்பில் இதை எழுதுகிறேன்.

அண்ணா, இந்த நாலு வரிக்கு மேல் என்னால் அம்மாவாக இருக்க முடியவில்லை. இது நான்தான், வாலு. இது மட்டும் இல்லை, அப்பா போன பிறகு இந்த எட்டு மாதத்தில் உனக்கு வந்த ஐந்து கடிதமும் நான் எழுதியதுதான். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவதுதானே எப்போதும் வழக்கம், அதனால் கையெழுத்தைப் பார்த்து உனக்குச் சந்தேகம் வந்திருக்காது. ஆனால் அந்த ஐந்திலும் அம்மா ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. இப்போது குளியலறையில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, கணக்கு நோட்டை மடியில் வைத்து எழுதுகிறேன். ராத்திரி மணி ஒன்றேகால். குழாய் சொட்டும் ஒவ்வொரு தடவையும் அம்மா எழுந்துவிட்டாளோ என்று எழுதுவதை நிறுத்திக் காது கொடுக்கிறேன். இன்று சாயங்காலம் அம்மா, நாளைக்கு நானே என் புள்ளைக்கு எழுதப்போறேன், பேனாவுல மை இருக்கா பாரு என்று கேட்டாள். அவள் எழுதினால் என் பொய் எல்லாம் வெளியே வந்துவிடும். வேறு யார் மூலமாகவும் உனக்குத் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும்.

மலைப்பாதை சரிந்து கிடந்ததால் அப்பா போன தகவல் பதினாறு நாள் கழித்துத்தான் உனக்கு வந்தது என்றும், சுரங்க வாசலில் உட்கார்ந்து அழுதாய் என்றும் எழுதியிருந்தாயே, அந்த முதல் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அப்புறம் அப்படியேதான். நான் பள்ளிக்கூடம் போகும்போதும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள், வரும்போதும் அப்படியே. சாப்பாடு வைத்தால் இரண்டு வாய், கேட்டால் ஒரு தலையசைப்பு. சமையலறைக்குள் மட்டும் காலெடுத்து வைக்கவே இல்லை, ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. சமையல் என்று நான் செய்ததை நீ சாப்பிட்டிருந்தால் மலைமேலேயே இருக்கிறேன் தாயே என்று சொல்லியிருப்பாய். அதற்கப்புறம் வந்த உன் கடிதங்களை நான் படித்துக் காட்டவில்லை, என் புத்தகப் பையின் அடியில் வைத்துக்கொண்டேன். பதில் மட்டும் போட்டேன். அம்மா எப்படிப் பேசுவாள் என்று யோசித்து யோசித்து எழுதினேன். ஈரக் காலுறையோடு படுக்காதே என்று அவள் உன்னைத் திட்டுவதைக்கூட மறக்காமல் எழுதினேன். நீ அடுத்த கடிதத்தில், அம்மா, நீ திட்டி எழுதினதைப் படிச்ச பிறகுதான் நிம்மதி என்று எழுதினாய். அதைப் படித்து நான் அழுதேன், ஆனால் நிறுத்தவில்லை.

இதைவிடப் பெரிய தப்பு மூன்றாவது கடிதத்தில் செய்தேன். நீ கேட்டிருந்தாய், நான் வரட்டுமா, ஒரு வார்த்தை சொல்லுங்கள், இருக்கிற வேலையை விட்டுவிட்டு லாரியில் ஏறி வந்துவிடுகிறேன் என்று. நான் அம்மாவாக எழுதினேன், வேண்டாம் ராசா, நாங்கள் தைரியமாக இருக்கிறோம், நீ வந்து பார்க்க இங்கே ஒன்றும் இல்லை என்று. அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதும்போது எனக்கே கை கூசியது. ஐந்தாவது கடிதத்திலும் அதையே செய்தேன். சின்ன வயதில் அப்பா ஓட்டிய பள்ளி வண்டியில் போன 'ரெண்டு நிமிஷம்' அக்கா என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள், அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து உங்கப்பா வண்டியைக் கழுவப்போறோம், உங்கண்ணனுக்கு முன்கூட்டியே எழுது, அவன் இல்லாம எப்படி என்று. நான் சரி என்று தலையாட்டிவிட்டு, பாதை மோசமாக இருக்கிறது என்று கேள்விப்பட்டேன், இப்போது பயணம் வேண்டாம் என்று உனக்கு எழுதினேன். வண்டி கழுவுவதைப் பற்றி ஒரு எழுத்து எழுதவில்லை.

அந்த ஞாயிறு நேற்று முன்தினம் வந்து போய்விட்டது அண்ணா. நீ இல்லாமலே நடந்துவிட்டது. அதை ஒன்று விடாமல் சொல்கிறேன், அதையாவது உனக்குக் கொடுக்கிறேன்.

வண்டி அப்பா நிறுத்திய இடத்திலேயேதான் வாசலில் நின்றது. யாரும் தொடவில்லை. டயர் இரண்டு காற்றிறங்கிச் சப்பிப்போய், மேலெல்லாம் தூசி ஏறி, மஞ்சள் வண்டி சாம்பல் வண்டியாகிவிட்டது. ஒரு ஆள் விலைக்குக் கேட்டு வந்தான், அம்மா எழுந்துகூடப் பார்க்கவில்லை. ரெண்டு நிமிஷம் அக்காவின் குழந்தையும் அப்பா வண்டியில்தானே போய்க்கொண்டிருந்தது. அந்த நாலு வயது வாண்டு தினமும் தெருவைக் கடக்கும்போது வண்டியைப் பார்த்து, வண்டி மாமா எங்க, இவ்ளோ அழுக்கா இருக்கு, திட்டமாட்டாரா என்று கேட்குமாம். அதில்தான் அக்காவுக்கு யோசனை வந்திருக்கிறது. அப்பா ஒரு ஞாயிறு கூடத் தவறாமல் காலை ஏழு மணிக்கு வண்டி கழுவுவாரே, தெருப் பிள்ளைகள் எல்லாம் ஈரமாகி வீட்டில் அடி வாங்குவார்களே, அதையே ஒருநாள் செய்வோம் என்று பழைய வண்டிப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

ஆறேமுக்காலுக்கே வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு வாளி, சிலர் கையில் பிரஷ், ஒருவன் மட்டும் வீட்டுத் துடைப்பத்தோடு வந்து எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான். நாற்பது பேருக்கு மேல் இருக்கும். அப்பா வைத்த பெயரிலேயேதான் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள். 'வாந்தி' இப்போது பாங்கியில் அதிகாரி, மீசையும் தொப்பையுமாக ஆள் அடையாளமே தெரியவில்லை. அவர் மனைவியின் முன்னாலேயே நாலு பேர் ஏய் வாந்தி என்று கத்த, அந்த அம்மா, இத்தனை வருஷமா இது எனக்குத் தெரியாம போச்சே என்று விழுந்து விழுந்து சிரித்தாள். ரெண்டு நிமிஷம் அக்கா எல்லோரையும் ஏழு மணிக்கு வரச் சொல்லிவிட்டு அவள் மட்டும் ஏழு இருபதுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை பாத்தும் இன்னும் திருந்தலையாடி என்று கேட்டார்கள், இரு, ரெண்டே நிமிஷம், வாளி எடுத்துட்டு வரேன் என்றாள்.

அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவுக்கும் வண்டிக்கும் நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். தண்ணீர் தகரத்தில் விழுகிற சத்தத்தை எட்டு மாதம் கழித்துக் கேட்டேன். உள்ளே அம்மாவுக்கும் கேட்டிருக்கும். அந்த நேரத்தில்தான் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். எல்லோரும் பெரிய படிப்புப் படித்தவர்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை, சக்கரத்திலிருந்து ஆரம்பித்துவிட்டார்கள். கீழே சோப்புப் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டு, அதற்கப்புறம் மேலே ஊற்ற, கூரையில் இருந்த எட்டு மாதச் சேறும் வழிந்து கழுவிய இடத்தில் எல்லாம் பட்டை பட்டையாக இறங்கியது. சடாரென்று கதவு திறந்தது. அம்மா தலைகூட வாராமல் வாசலில் நின்று, மேலேர்ந்து ஊத்துங்கடா, மேலேர்ந்து, கூரை, கண்ணாடி, கதவு, கடைசியாத்தான் சக்கரம், இருவது வருஷம் கூடவே நின்னு பாத்தீங்களே, கண்ணை எங்கடா வச்சிருந்தீங்க என்று ஒரு சத்தம் போட்டாள். வாந்தி அண்ணன் கையில் இருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, சாரி அத்தை, நீங்க சொல்லுங்க, செய்யறோம் என்றார். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். ஒருவன் கையிலிருந்து பிரஷைப் பிடுங்கிக்கொண்டு, முன்கண்ணாடியை அவளே தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே இந்தப் பக்கம் தண்ணி வரலை பாரு என்று விரட்டினாள். யாரும் அவளைச் சமாதானப்படுத்தவில்லை, தண்ணீர் மட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

கழுவி முடித்ததும் எல்லோரும் ஏறினார்கள், அவரவர் பழைய இடத்தில்தான் உட்காருவோம் என்று பிடிவாதம். மூன்று பேர் சீட்டில் ஆறு பேர், நடுவில் ஒருவர் மேல் ஒருவர், ஜன்னல் எனக்கு என்று வாந்தி அண்ணன் சண்டை, தெரியாத ஆள் பார்த்திருந்தால் கல்யாண வண்டி என்று நினைத்திருப்பான். ஓட்டுநர் சீட்டில் மட்டும் யாரும் உட்காரவில்லை. அது தெரிந்ததும் சத்தம் தானாக அடங்கியது. அம்மா உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து அப்பாவின் முதல் வருஷப் பெயர் நோட்டை எடுத்து வந்தாள். படியில் ஒரு காலை வைத்து, அப்பா நிற்பது போலவே நின்றாள். காலையில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, எல்லோரும் ஏறியாச்சு என்று சொன்ன பிறகுதான் அப்பா வண்டியைக் கிளப்புவார், சாயங்காலம் ஒவ்வொருவரும் இறங்கியாச்சு என்று கத்தினால்தான் அடுத்த வாசலுக்குப் போவார். கடைசியில் வீட்டுக்குள் நுழையும்போது அவரே, நானும் இறங்கியாச்சு என்று சொல்லிக்கொண்டுதான் வருவார். அம்மா நோட்டைப் பிரித்தாள். முதல் பக்கம், முதல் வரி. 'முதல் சீட்டு' என்று கூப்பிட்டாள்.

அப்பா உனக்கு வைத்த பெயர்தான் அண்ணா.

அம்மா மறுபடி கூப்பிட்டாள். வராத பிள்ளைக்கு அந்த வீட்டு ஆள் யாராவது சொல்ல வேண்டும் என்பது அப்பா வைத்த சட்டம், எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான், வரலைம்மா என்றேன். ஏன், அவனுக்குச் சொல்லலையா என்று கேட்டாள். எட்டு மாதத்தில் அம்மா என் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது. சொன்னேன்மா, லீவு கிடைக்கலையாம் என்றேன். அத்தனை பேர் நடுவில், அப்பா வண்டியில் உட்கார்ந்துகொண்டு, கண்ணைப் பார்த்துச் சொன்னேன். பாவம், என்ன கஷ்டமோ புள்ளைக்கு என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த பெயருக்குப் போனாள். அப்பாவாக இருந்தால் பக்கத்தில் 'வரலை' என்று எழுதுவார். அம்மா எழுதவில்லை, சும்மா விட்டுவிட்டாள். அப்புறம் அந்த நோட்டில் இருந்தவர்களும் பின்னால் சேர்ந்தவர்களும் ஒவ்வொருவராக ஏறியாச்சு, ஏறியாச்சு என்று சொன்னார்கள். மீசை வைத்தவர்கள் எல்லாம் சின்னப் பிள்ளைக் குரலில் சொன்னார்கள். வண்டி கிளம்பாது, பேட்டரி செத்துப் போய்விட்டது, ஆனாலும் கொஞ்ச நேரம் எல்லோரும் நேராகப் பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக இறங்கி, அம்மாவின் கையைத் தொட்டு, இறங்கியாச்சு அத்தை என்றார்கள். வண்டி காலியானதும் அம்மா ஓட்டுநர் கதவைத் திறந்தாள். சீட்டை முந்தானையால் துடைத்தாள். கதவைச் சாத்திவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, அவரும் இறங்கியாச்சு என்றாள்.

அன்றைக்கு அம்மா ஒரு தட்டு சோறு முழுதாகச் சாப்பிட்டாள். வாசலிலேயே உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து சாப்பிட்டாள். நேற்றுத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாள். இன்றைக்கு உனக்கு எழுத வேண்டும் என்கிறாள். எல்லோருக்கும் மனசுப் பாரம் இறங்கிவிட்டது, எனக்கு மட்டும் இல்லை.

ஏன் உன்னை வரவேண்டாம் என்றேன் என்று கேட்பாய். நீ வந்தால் முதலில் கேட்கப்போவது அதுதான், அப்பாவை யார் முதலில் பார்த்தது, எத்தனை மணிக்கு என்று. அதற்குப் பயந்துதான். அப்பா போன அன்று காலையில் என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் புதிதாக வண்டியில் சேர்ந்திருந்தார்கள். அப்பா அவர்கள் முன்னால், வாலு என்று கூப்பிட்டார். ஒன்பதாவது படிக்கிறேன், எனக்கு மானம் போயிற்று, பதில் சொல்லவில்லை. அப்பா வண்டியை எடுக்கவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள், லேட்டாச்சு மாமா என்று கத்தினார்கள், அப்பா கண்ணாடி வழியாக என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். சாயங்காலம் எல்லோரையும் இறக்கிவிட்டு நம் வீட்டு வாசலுக்கு வந்ததும், நான் ஒன்றும் சொல்லாமல் இறங்கி, கதவை அறைந்து சாத்திவிட்டு உள்ளே போய்விட்டேன். இறங்கியாச்சு என்று சொல்லவில்லை அண்ணா. கொஞ்ச நேரம் கழித்து அம்மா சமையலறையிலிருந்து, போய் அப்பாவைக் கூப்பிடுடி, ஆறிப்போகுது என்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, வண்டிக் கதவுக் கண்ணாடியில் தலை சாய்த்திருந்தார். நான் சொல்வேன் என்று காத்திருக்கிறார், காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். மறுபடி அம்மா கத்தும்வரை, இருபத்தைந்து நிமிஷம், கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம்தான் போய்த் தொட்டுப் பார்த்தேன், அந்த இருபத்தைந்து நிமிஷம் யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நானும் வண்டியிலிருந்து இறங்கினேன், அம்மாவின் கையைத் தொட்டேன், ஆனால் இறங்கியாச்சு என்று மட்டும் சொல்லவில்லை, கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. நீ என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. இதை நாளைக்குப் பள்ளிக்கூடம் போகும் வழியில் தபால் பெட்டியில் போடுகிறேன். அம்மாவுக்கு அதற்கப்புறம் நானே சொல்கிறேன், இல்லை, சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. உன் தங்கை, வாலு.

கண்ணு, இனிமேல் எழுதுவது அம்மா. கோழி கிளறின மாதிரி இருக்கிற எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். எட்டு மாதம் கழித்து இன்றைக்குத்தான் அவளுக்கு நான் சாப்பாடு கட்டினேன், டப்பாவை வைக்கலாம் என்று பையைத் திறந்தேன், ஒட்டாத உறைக்குள் இது இருந்தது, அடியில் உன் கடிதங்கள் எல்லாம் இருந்தன. அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். நான் சொல்லாமல் அவள் எழுதிய ஐந்தும் நான் எழுதியிருக்க வேண்டியது, அதனால் அவற்றை நான் எழுதியதாகவே வைத்துக்கொள். வரவேண்டாம் என்று எழுதியதை மட்டும் கிழித்துப் போடு.

அவளிடம் நான் சொல்லாத ஒன்றை முதலில் உனக்குச் சொல்கிறேன், சொல்லிப் பார்த்தால்தான் வாய் வரும். சமையலறை ஜன்னலும் வாசல் பக்கம்தானே. அவளைக் கூப்பிடச் சொல்லிவிட்டு நானும் எட்டிப் பார்த்தேன். தலை சாய்த்திருந்தார். காலையில் நாலரைக்கு எழுந்த மனுஷன், கொஞ்சம் கண் அசரட்டும் என்று அடுப்பைக் குறைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அந்த ஜன்னலைப் பார்க்க முடியாமல்தான் சமையலறைப் பக்கமே போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்தேன். வண்டியை நிறுத்தின கணத்திலேயே உயிர் போயிருக்கும், யார் ஓடியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் அன்றைக்கே என்னிடம் சொன்னார். அதைக் கேட்டும் எனக்கே மனசு ஆறவில்லை, ஆனால் அதை அந்தக் குழந்தையிடம் நான் சொல்லியிருக்க வேண்டாமா. நான் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்த எட்டு மாதமும் அவள் அந்தப் பாரத்தை ஒற்றையாகச் சுமந்திருக்கிறாள். என் துக்கம்தான் பெரிது என்று இருந்துவிட்டேன் கண்ணு. இதற்கு நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது. இப்போது எழுப்பி, முதலில் அதைத்தான் சொல்லப்போகிறேன், அவள் பள்ளிக்கூடத்துக்கு லேட்டானாலும் பரவாயில்லை.

அப்பா ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. ஈரக் காலுறையோடு படுக்காதே. லீவு கேள், கொடுக்காவிட்டால் கொடுக்கும்வரை கேட்டுக்கொண்டே இரு. நோட்டில் முதல் வரியைக் காலியாகத்தான் வைத்திருக்கிறேன். நீ வந்து ஏறினாய் என்றால், அப்புறம் இவளும் நானும் நீயும் மூன்று பேரும் ஒன்றாக இறங்குவோம்.

அம்மா